பெரட்டு நேரமும் பாடசாலை மணியும்

இலங்கையின் பாடசாலை முறையில் தரம் 6 முதல் 9 வரையிலான நான்கு வகுப்புகளுக்குக் கனிஷ்ட இடைநிலை என்று பெயர். பதினொரு வயதில் அதற்குள் போகும் பிள்ளை பதினான்கு, பதினைந்து வயதில் வெளியே வருகிறது. இந்தக் கட்டத்துக்கு முன்னால் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை, பின்னால் சாதாரண தரப் பரீட்சை. இரண்டுக்கும் பத்திரிகையில் இடமுண்டு. பெறுபேறு வந்தால் படம் போடுவார்கள், பதாகை கட்டுவார்கள். நடுவிலுள்ள நான்கு வருடங்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. ஊவா மாகாணத்துப் பதுளை மாவட்டத்தில், அப்புத்தளையைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் படிப்பு கைநழுவிப் போவது பெரும்பாலும் இந்த நான்கு வருடங்களுக்குள்தான்.

அப்புத்தளை நகரம் ஏறத்தாழ 1,430 மீற்றர் உயரத்தில், மலைமுகட்டின் மேலேயே அமைந்திருக்கிறது. தெற்கே தரை சட்டென்று கீழே இறங்கிவிடும். தம்பேதன்னை, தங்கமலை, பிட்டரத்மலை என்று தோட்டங்கள் அந்தச் சரிவிலும் அதற்கு எதிர்ப்பக்கத்திலும் பரவிக் கிடக்கின்றன. தம்பேதன்னையில் தேயிலை வணிகர் தோமஸ் லிப்டன் 1890இல் எழுப்பிய தொழிற்சாலை இன்னும் நிற்கிறது. அதற்கு மேலேயுள்ள லிப்டன் சீட்டுக்குச் சூரிய உதயம் பார்க்க வெளிநாட்டுக்காரர்கள் விடியுமுன் முச்சக்கரவண்டியில் ஏறிப்போகும் அதே வீதியில்தான், சற்று நேரங்கழித்து, வெள்ளைச் சீருடைப் பிள்ளைகள் நகரத்துப் பக்கம் இறங்கி வருகிறார்கள். அந்த வீதியைப் பற்றிப் பயண நூல்கள் எழுதியிருப்பவை ஏராளம். பிள்ளைகளைப் பற்றி அவற்றில் ஒரு வரி இருந்தால் அதிசயம்.

தோட்டத்துக்குப் பள்ளிக்கூடம் வந்த கதை இந்த விஷயத்தின் பாதி விளக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பிக்கும் பிறகு தேயிலைக்குமாகத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கு, தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்து வாசலிலோ கோயில் திண்ணையிலோ யாராவது எழுத்துச் சொல்லிக் கொடுத்தால் உண்டு. 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் சட்டமும் 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டமும் அந்தப் பொறுப்பைத் தோட்டத் துரைமார் தலையில் வைத்தன. ஆறிலிருந்து பத்து வயது வரையிலான பிள்ளைகளுக்குச் சில மணிநேரப் படிப்பு. ஓர் அறை, ஓர் ஆசிரியர். பத்து வயதுக்கு மேல் என்ன என்ற கேள்வியே அந்தச் சட்டங்களில் எழவில்லை, ஏனென்றால் பத்து வயதுக்கு மேல் பிள்ளை வேலைக்காட்டுக்குப் போகும். ஆசிரியரை நியமிப்பவரும் துரை, சம்பளம் கொடுப்பவரும் துரை. பெற்றோர் என்ற தரப்பு அந்த ஏற்பாட்டில் இல்லை.

1945இல் அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கரா இலவசக் கல்வியைக் கொண்டுவந்தார், அக்காலத்தில் நாடெங்கும் மத்திய கல்லூரிகளும் எழுந்தன. தோட்டப் பாடசாலைகள் தோட்டத்தின் பொறுப்பிலேயே விடப்பட்டன. மூன்று வருடத்தில் வந்த 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அந்தப் பிள்ளைகளின் பெற்றோரை நாடற்றவர்களாக்கியது. வாக்கில்லாதவர்களின் பள்ளிக்கூடத்துக்கு ஓடு மாற்றச் சொல்லி எந்த நாடாளுமன்ற உறுப்பினரும் கேட்கப் போவதில்லை. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு குடும்பங்கள் பிரிந்து இந்தியா போகத் தொடங்க, நடுவகுப்பில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளின் பெயர்களும் இடாப்பிலிருந்து வெட்டப்பட்டன. 1970களின் முதற்பாதியில் நிலச் சீர்திருத்தம் தோட்டங்களை அரசுடைமையாக்கியது. தோட்டப் பாடசாலைகளை அரசு கையேற்பது 1977இல் தொடங்கிப் படிப்படியாகவே நடந்தது. 1980களில் சுவீடன் நாட்டின் சீடா நிறுவனம் கொடுத்த உதவியில் பதுளை மாவட்டத்திலும் கட்டடங்கள் எழுந்தன. பத்தனையில் ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி வந்தது. லயத்தில் பிறந்த பிள்ளைகள் அங்கே பயிற்சி பெற்று ஆசிரியர்களாகத் திரும்பி வந்தார்கள். இந்த நாற்பது வருடத்தில் நடந்த மாற்றத்தைச் சிறிதென்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் பாடசாலை துரையின் கையிலிருந்து கல்வி அலுவலகத்தின் கைக்குப் போனபோதும், நடுவில் பெற்றோரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாடசாலை அபிவிருத்திச் சங்கம் என்ற பெயரில் பின்னால் ஓர் இடம் ஒதுக்கப்பட்டது. அந்த இடத்தில் யார் உட்காருகிறார்கள், எப்போது உட்காருகிறார்கள் என்பது கீழே வருகிறது.

பிள்ளைக்குத் தரம் 6 என்பது முதலில் தூரம். தோட்டத்துக்குள்ளே இருப்பது பெரும்பாலும் ஐந்தாம் தரம் வரையிலான ஆரம்பப் பாடசாலை, சில இடங்களில் எட்டாம் தரம் வரை. அதற்கு மேல் நகரத்துக்கோ, வீதியோரத்திலுள்ள பெரிய பாடசாலைக்கோ போகவேண்டும். லயத்திலிருந்து குறுக்குப்பாதையில் தேயிலைக்கு நடுவே இறங்கி, பஸ் போகும் வீதிக்கு வந்து, வரும் பஸ்ஸில் தொங்கி, ஏழரை மணிக்கு முன் வாசலுக்குள் நுழைய வேண்டும். மழைக்காலத்தில் பாதையே ஓடையாகிவிடும். வெள்ளைக் காலுறைக்குள் அட்டை ஏறிக் குடித்துவிட்டு விழுந்த இடம் முதற் பாடவேளையில்தான் தெரியவரும், சிவப்பாக. வெள்ளைச் சப்பாத்தை ஒரு பையில் போட்டுக்கொண்டு, செருப்போடு வீதி வரை நடந்து, அங்கே மாற்றிக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு. வாசலில் சப்பாத்தின் நிறம் பார்க்கும் மாணவர் தலைவர் அந்தப் பாதையில் நடந்தவராக இருந்தால் தப்பிக்கலாம்.

ஐந்தாம் தரம் வரை ஒரே ஆசிரியர். பிள்ளையின் தாயை, தாத்தாவை, எந்த லயம் எத்தனையாவது காம்பரா என்பதை அவர் அறிவார். ஆறாம் தரத்தில் பாடத்துக்கு ஒருவராக ஆசிரியர்கள் வந்து போகிறார்கள். கணிதம், விஞ்ஞானம், வரலாறு, புவியியல், குடியியல், சுகாதாரம், ஆங்கிலம், இரண்டாம் மொழியாகச் சிங்களம் என்று ஒரு டசினுக்குக் கிட்ட பாடங்கள். பாடநூல் 1980 முதலும், சீருடைத்துணி 1993 முதலும் இலவசம். கொப்பி இலவசமில்லை. 2022இன் பொருளாதார நெருக்கடியில் கடதாசி விலை ஏறியபோது, பழைய கொப்பிகளின் எழுதாத தாள்களைக் கிழித்துத் தைத்துப் புதுக் கொப்பியாக்குவது வீட்டு வேலைகளில் ஒன்றாயிற்று. ஜனவரியில் பாடசாலை தொடங்குவதும் தைப்பொங்கல் வருவதும் ஒரே மாதம் என்பதால், வருடத் தொடக்கத்திலேயே கடன். தீபாவளி முற்பணத்தின் கழிவு அப்போதும் சம்பளத்தில் ஓடிக்கொண்டிருக்கும்.

புலமைப்பரிசில் பரீட்சை இதே வேளையில் இன்னொரு காரியம் செய்கிறது. வெட்டுப்புள்ளிக்கு மேலே வந்த பிள்ளை பதுளைக்கோ பண்டாரவளைக்கோ போய்விடுகிறது. தோட்டத்தில் விவரம் தெரிந்த, இரண்டு காசு சேர்த்த பெற்றோர் சித்தியடையாத பிள்ளையையும் எப்படியாவது நகரத்தில் சேர்த்துவிடுகிறார்கள். அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்கக்கூடியவர்கள் இவர்கள்தான். இவர்கள் போனபின் மிஞ்சும் பாடசாலைக்கு, சண்டை பிடிக்கும் பெற்றோரும் இல்லாமல் போகிறார்கள்.

பெண்பிள்ளைகளுக்கு இந்த வருடங்களில் இன்னொரு தடங்கல். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் பெரியபிள்ளையானால் சடங்கு முடியும்வரை வீட்டோடு இருத்தல் வழக்கம். இரண்டு மூன்று வாரங்கள் போய்விடும். அந்த வாரங்களில் கணிதத்தில் பின்னமோ சமன்பாடோ நடந்து முடிந்திருக்கும். திரும்பி வரும் பிள்ளைக்கு அதை மறுபடி சொல்லித்தர நேர அட்டவணையில் இடமில்லை. மலசலகூடத்தில் தண்ணீர் வராத பாடசாலைகளில் ஒவ்வொரு மாதமும் இரண்டு மூன்று நாள் வராத நாளாக இடாப்பில் விழுவது இதன் தொடர்ச்சி. வகுப்பறையில் கரும்பலகையைப் பார்த்தபடி புரியாமல் உட்கார்ந்திருப்பது பிள்ளைகளுக்குப் பெரிய அவமானம். வராமல் இருப்பது அதைவிடச் சுலபம்.

பெற்றோரின் பக்கம் வந்தால், ஆசிரியர் அறைகளில் தயாராக இருக்கும் வாசகம் ஒன்று உண்டு: “தோட்டத்துப் பெற்றோருக்கு அக்கறையில்லை.” கூட்டம் போட்டால் வருவதில்லை, தேர்ச்சி அறிக்கையை வாங்க வருவதில்லை, கூப்பிட்டனுப்பினாலும் வருவதில்லை என்பது இதற்கு ஆதாரம். ஆதாரம் உண்மைதான். முடிவுதான் பிழை.

ஒரு கொழுந்தெடுக்கும் தாயின் காலையை நேரப்படி பார்த்தால் இது விளங்கும். நான்கரை, ஐந்து மணிக்கு எழும்பி அடுப்பு மூட்டித் தண்ணீர் பிடித்து, காலைக்கும் மதியத்துக்குமாக ரொட்டி தட்டி, சம்பல் அரைத்து, சின்னதைப் பிள்ளைமடுவத்தில் ஆயாவிடம் விட்டு, கூடையும் படங்குச் சாக்குமாகப் பெரட்டுக்களத்துக்குப் போகிறாள். கங்காணி பெயர் கூப்பிட்டு மலை பிரித்துவிடும் நேரமும் பாடசாலையில் முதல் மணி அடிக்கும் நேரமும் ஏறக்குறைய ஒன்று. நடுப்பகலில் ஒரு நிறுவை, மாலையில் ஒரு நிறுவை. பாடசாலை ஒன்றரைக்கு முடிகிறது. அவள் மலையிலிருந்து இறங்க ஐந்தாகிறது. பெற்றோர் கூட்டம் காலை பத்து மணிக்கு வைக்கப்படுகிறது. பத்து மணிக்கு நகரத்தில் இருக்க வேண்டுமானால் அவள் அன்று மலைக்குப் போக முடியாது. காலையில் போய் இடையில் இறங்கினால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். எடுத்த கொழுந்து குறைந்ததென்றால் அதுவும் சந்தேகம். போக வர பஸ் காசு வேறு.

நட்டம் அந்த ஒரு நாளோடு நின்றுவிடாத காலமும் இருந்தது. 2016ஆம் ஆண்டுக் கூட்டு ஒப்பந்தம் நாட்சம்பளத்தை 730 ரூபா என்று அறிவித்தது. அதில் அடிப்படைச் சம்பளம் 500தான். 140 ரூபா உற்பத்திக்கு, 30 ரூபா விலைப்பங்கு, 60 ரூபா வரவுக்கு. வேலை கொடுத்த நாட்களில் நூற்றுக்கு எழுபத்தைந்துக்குக் குறைவாக வந்தால் அந்த 60 ரூபா மாதம் முழுவதற்கும் போய்விடும். பிள்ளைக்குக் காய்ச்சல் ஒரு நாள், கிளினிக் ஒரு நாள், கோயில் திருவிழா இரண்டு நாள் என்று ஏற்கெனவே விளிம்பில் நிற்கும் ஒருத்திக்குப் பெற்றோர் கூட்டம் என்பது எத்தனை ரூபாக் கூட்டம் என்று கணக்குப் போட்டுப் பார்க்க முடியும். அவள் போட்டுத்தான் பார்த்தாள். வரவுக்கான கொடுப்பனவு 2019இல் எடுக்கப்பட்டது. 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாவும் 2024இல் 1,350 ரூபாவும் ஆயிற்று. எடுக்க வேண்டிய கொழுந்தின் கிலோவும் கூடவே ஏறியது. கூட்டத்தின் நேரம் மட்டும் பத்து மணியாகவே இருக்கிறது.

வீட்டில் தாயே இல்லாத பிள்ளைகளின் கதை வேறு. சவூதிக்கும் குவைத்துக்கும் பணிப்பெண்களாகப் போனவர்கள் ஊவாவின் தோட்டங்களில் நிறையப் பேர். 2013இல் அரசு குடும்பப் பின்னணி அறிக்கை என்ற நடைமுறையைக் கொண்டுவந்து, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய் வெளிநாடு போவதைத் தடுத்தது. பிள்ளைக்கு ஐந்து வயதானால் தாய் போகலாம் என்றிருந்தது. தரம் 6க்கு வரும் பிள்ளையின் தாய் போவதை அந்தத் தடை தொடவில்லை, ஆனால் பிள்ளைக்குத் தாய் மிகவும் தேவைப்படும் வயதுகளில் அதுவும் ஒன்று. தகப்பன் பெரும்பாலும் கொழும்பில், புறக்கோட்டைக் கடையிலோ கட்டட வேலையிலோ. “அப்பாவக் கூட்டிட்டு வா” என்று சொல்லும் ஆசிரியருக்குக் கிடைக்கும் பதில் “அப்பா கொழும்புல சேர், அம்மா வெளிநாட்டுல, அம்மாயி மலைக்குப் போயிருச்சு.” பிள்ளை பொய் சொல்கிறது என்று நினைப்பவரும் உண்டு.

தேர்ச்சி அறிக்கையில் பெற்றோர் கையொப்பம் என்றொரு கோடு இருக்கிறது. வருடத்தில் மூன்று தவணை, மூன்று கையொப்பம். பல வீடுகளில் அதைப் போடுவது அக்காவோ பக்கத்துக் காம்பராப் பையனோ. அம்மாயியே போடும்போது பேனாவை இறுக்கிப் பிடித்து, எழுத்தெழுத்தாக, கோட்டுக்குக் கீழே இறங்கிவிடாமல் எழுதி முடிக்கிறாள். பிறகு அறிக்கையைத் தலைகீழாகத் திருப்பி, சிவப்பு மையில் எழுதியது எத்தனை என்று எண்ணுகிறாள். புள்ளியை வாசிக்கத் தெரியாவிட்டாலும் சிவப்பு நல்லதில்லை என்பது அவளுக்குத் தெரியும். “ஏன்டா இவ்வளவு செவப்பு?” என்பதுதான் அந்த வீட்டில் நடக்கும் பெற்றோர் கூட்டம். இதை அக்கறையின்மை என்று எழுதிவைப்பவர்களுக்குத் தமிழ் தெரியாது என்று சொல்ல முடியாது, லயம் தெரியாது.

லயம் தெரியாதவர்கள்தான் ஆசிரியர்கள் என்று பொதுவாகச் சொல்லிவிடவும் கூடாது. பதுளை மாவட்டத் தோட்டமொன்றில் 1934இல் பிறந்த எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப், தமது புனைபெயரை எடுத்ததே தாம் ஆசிரியராக இருந்த தோட்டத்திலிருந்துதான். இன்று இப்பகுதியில் கற்பிப்பவர்களில் பலர் கொழுந்தெடுத்தவர்களின் பிள்ளைகள். 2015ஐ ஒட்டிப் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரியர் உதவியாளர்களாக எடுக்கப்பட்ட இளைஞர்களுக்கு முதலில் கிடைத்த மாதக் கொடுப்பனவு 6,000 ரூபா. மாதம் முழுவதும் மலைக்குப் போன தாயின் சம்பளத்தைவிட அது குறைவு. பஸ் காசுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் அது சரியாகிவிட்ட நிலையில், அவர்கள் பின்னேரம் லயத்துக்கு நடந்து போய்ப் பெற்றோரைப் பார்க்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஆனாலும் சிலர் போனார்கள். படித்து மேலே வந்தவர்களில் சிலருக்கு, தாம் விட்டு வந்த லயத்தை மறுபடி நெருங்கிப் பார்க்க மனம் கூசுவதும் உண்டு. அக்கறையில்லை என்ற வாசகத்தை மிகவும் உரத்துச் சொல்பவர்கள் சில வேளை இவர்களே.

பெற்றோர் பாடசாலையை அணுகும் இன்னொரு வழி, அரசியல்வாதியின் கடிதம். அனுமதி வேண்டுமா, இடமாற்றம் வேண்டுமா, தலைவரைப் பிடித்து ஒரு கடிதம் வாங்கு என்பது மலையகம் முழுவதும் பழகிப்போன வழக்கம். பாடசாலை வாசலில் தன் சொல்லுக்கு மதிப்பில்லை என்று தெரிந்தவர் மதிப்புள்ள ஒருவரின் சொல்லைக் கடன் வாங்குகிறார். அந்த வழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு 2018 ஜனவரி சாட்சி. முதலமைச்சரின் கடிதத்தோடு வந்த அனுமதிக் கோரிக்கையை ஏற்காத பதுளைத் தமிழ் மகளிர் மகா வித்தியாலய அதிபர், அன்றைய ஊவா முதலமைச்சரின் இல்லத்துக்கு அழைக்கப்பட்டு மண்டியிட வைக்கப்பட்டார் என்ற முறைப்பாடு நாட்டையே உலுக்கியது. முதலமைச்சர் தம் கையிலிருந்த மாகாணக் கல்வி அமைச்சுப் பொறுப்பிலிருந்து விலகினார், கைதாகிப் பிணையில் வெளியே வந்தார். வீதியில் இறங்கி அதிபர் பக்கம் நின்றவர்களில் ஆசிரியர்களும் பெற்றோரும் இருந்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

இத்தனைக்கும் நடுவில், தோட்டத்து மக்கள் பாடசாலையை விட்டுக்கொடுப்பதில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, பிள்ளைகள் சிலர் பாடசாலைக்குப் புறப்பட்டுப் போயிருந்ததால் தப்பினார்கள். மிஞ்சிய சனம் தங்கியதும் கொஸ்லந்தை, பூனாகலைத் தமிழ்ப் பாடசாலைகளின் வகுப்பறைகளில்தான். புது வீடுகள் கைக்கு வர ஏறக்குறைய இரண்டு வருடங்களாயின. 2021இல் கொரோனாவால் பாடசாலைகள் மூடியிருந்த வேளையில், இதே மாவட்டத்தின் லுணுகலைப் பகுதியில் பெற்றோர் பிள்ளைகளை மலையுச்சிக்கு அழைத்துப்போய், மரத்தின் மேல் கட்டிய பரணில் ஏற்றி, தொலைபேசிக்குச் சமிக்ஞை பிடித்துப் பாடம் படிக்க வைத்தார்கள். வேலை நேரத்துக்கு வெளியே, தங்கள் கைக்கெட்டும் தூரத்தில் ஒன்று இருந்தால் ஊவாவின் பெற்றோர் என்ன செய்வார்கள் என்பதற்கு இது போதும்.

எட்டாம், ஒன்பதாம் தரத்தில் நிற்பவர்களின் பெயர்கள் இடாப்பிலிருந்து ஒரே நாளில் வெட்டப்படுவதில்லை. தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து வந்த அண்ணன் புதுச் சட்டையும் கைத்தொலைபேசியுமாக லயத்தில் நடக்கிறான். விடுமுறை முடிந்து அவன் திரும்பும்போது கூடவே ஒருவன் போகிறான், “சும்மா கடையைப் பார்த்துட்டு வாறேன்” என்று. முதல் மாதம் இடாப்பில் வரவில்லை என்று மட்டும் குறிப்பார்கள். மூன்றாவது மாதம் பெயர் போய்விடும். கட்டாயக் கல்வி வயதை 1998இல் 14 என்று வைத்த அரசு 2016இல் அதை 16 ஆக உயர்த்தியது. ஆனால் பதினைந்து வயதுப் பையனைத் தேடி லயத்துக்கு வந்து கேட்கும் அதிகாரியைத் தோட்டங்களில் காண்பது அரிது. வந்தாலும் பகலில் வருவார். பகலில் லயத்தில் கிழவிகள் மட்டுமே இருப்பார்கள்.

செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. தோட்டத்துக் கோயில்களில் ஞாயிறு காலை அறநெறி வகுப்பு நடக்கிறது. பெற்றோர் ஓரளவு ஓய்ந்திருக்கும் நாள் அது. அதிபரும் தரம் 6, 7 வகுப்பாசிரியர்களும் தவணைக்கு ஒரு ஞாயிறு அந்தக் கோயில் மண்டபத்துக்கு வந்து, தேர்ச்சி அறிக்கையை அங்கேயே பிரித்து வைத்து, எது சிவப்பு, ஏன் சிவப்பு என்று தாயிடமும் அம்மாயியிடமும் வாய்விட்டுச் சொன்னால் போதும். சுற்றறிக்கைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆசிரியரின் பயணச் செலவை அபிவிருத்திச் சங்கக் கணக்கில் போடலாம். இரண்டாவது, தொழிற்சங்கங்கள் செய்ய வேண்டியது. தவணைக் கூட்டத்துக்குப் போகும் தாய்க்கோ தகப்பனுக்கோ சம்பளத்துடன் அரைநாள் என்பதைக் கம்பனிகளிடம் கேட்டு வாங்க வேண்டும். வருடத்துக்கு மூன்று அரைப்பேர். 2024ஆம் ஆண்டு நிர்ணயித்த நாட்சம்பளத்தில் அது ஒருவருக்கு 2,025 ரூபா.